நூறு கிலோமீட்டருக்குள் ஒரு டென்னிஸ் போட்டி: சென்னை ஓப்பனின் வரவும் செலவும்

1997 ஏப்ரல் முதல் 2017 ஜனவரி வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆடவருக்கான ஏடிபி டென்னிஸ் போட்டி 21 முறை நடந்தது. 21 ஒற்றையர் இறுதி ஆட்டங்கள் என்றால் இறுதியில் ஆட 42 இடங்கள். அவற்றில் இந்தியருக்குக் கிடைத்தது 1, அதாவது 2.4 சதவீதம். கோப்பை 0. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், 21 ஆண்டுகள் செலவழித்து ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை கோப்பைப் பட்டியலில் இல்லை. தரவரிசைப் புள்ளிகளிலும் பயணச் செலவிலும் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரிலிருந்து நுங்கம்பாக்கம் சாலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்பர்ன் வான்வழியே சுமார் 8,800 கிலோமீட்டர். ஒன்றுக்கு 88 மடங்கு மற்றொன்று. இந்தக் கட்டுரையின் மற்ற எண்கள் எல்லாம் இந்த இரண்டு தூரங்களுக்கு இடையில் வருபவை.

முதலில் கோப்பைக் கணக்கை முடித்துவிடலாம். 21 ஒற்றையர் பட்டங்களை 16 பேர் பகிர்ந்துகொண்டனர். முதல் பட்டம் ஸ்வீடனின் மிகாயல் தில்ஸ்ட்ரோமுக்கு. கடைசிப் பட்டம் ஸ்பெயினின் ராபர்ட்டோ பௌதிஸ்தா அகுத்துக்கு. சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா 4 முறை வென்றார் (2011, 2014, 2015, 2016). ஸ்பெயினின் கார்லோஸ் மோயாவும் குரோஷியாவின் மாரின் சிலிச்சும் தலா 2 முறை. சுவிட்சர்லாந்து 4, ஸ்பெயின் 3, குரோஷியா 3 என்று மூன்று நாடுகளே 10 பட்டங்களை எடுத்தன, 47.6 சதவீதம். 16 வெற்றியாளர்களில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டமும் வென்றவர்கள் 4 பேர்: பாட்ரிக் ராஃப்டர், மோயா, சிலிச், வாவ்ரிங்கா. நால்வரில் ஒருவர் என்ற விகிதம், 250 புள்ளி தரத்தில் நடக்கும் ஒரு போட்டிக்குக் கௌரவமானது.

இரட்டையர் கணக்கு வேறு விதம். 21 பட்டங்களில் 7 பட்டங்களில் குறைந்தது ஓர் இந்தியராவது இருந்தார்: 33.3 சதவீதம். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து 5 (1997, 1998, 1999, 2002, 2011). பயஸ், செர்பியாவின் யாங்கோ திப்சாரெவிச்சுடன் 1 (2012). கடைசி ஆண்டான 2017இல் ரோஹன் போபண்ணாவும் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் 1. அந்தக் கடைசி இறுதி ஆட்டத்தில் வலைக்கு இருபுறமும் நின்ற நால்வரும் இந்தியர். தோற்ற இணை புரவ் ராஜா, திவிஜ் சரண். ஒற்றையரில் 42க்கு 1, இரட்டையர் பட்டங்களில் 21க்கு 7. இந்த இடைவெளிக்குத் திறமை ஒரு காரணம் என்றால் செலவு மற்றொரு காரணம் என்பது என் கணிப்பு. பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், ஆண்டுக்கு இருபத்தைந்து முப்பது வாரப் பயணம் ஆகிய எல்லாவற்றையும் ஒற்றையர் வீரர் தனியாகச் சுமக்கிறார். இரட்டையரில் அந்தச் சுமை ஓரளவு பகிரப்படுகிறது.

அந்த 42க்கு 1 யார் என்று பார்ப்போம். 2009 ஜனவரியில் சோம்தேவ் தேவ்வர்மனின் உலகத் தரவரிசை 202. அந்த இடத்திலிருந்து ஏடிபி 250 போட்டியின் பிரதான சுற்றுக்குள் நேரடியாக நுழைவது கடினம். போட்டி அமைப்பாளர் கையில் இருக்கும் வைல்டு கார்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. மூன்று ஆட்டங்களை வென்றார். வீழ்ந்தவர்களில் முன்னாள் உலக முதல் நிலை வீரர் மோயாவும், 211 செ.மீ. உயரம் கொண்ட இவோ கார்லோவிச்சும் அடக்கம். அரையிறுதியில் எதிராளி காயத்தால் விலகினார். இறுதியில் சிலிச்சிடம் 4-6, 6-7 என்று தோல்வி. ஒரு வாரத்தின் வரவு 150 புள்ளி. அப்போதைய அட்டவணையில் பட்டம் 250, இரண்டாம் இடம் 150, அரையிறுதி 90, காலிறுதி 45, இரண்டாம் சுற்று 20, முதல் சுற்றில் தோற்றால் 0. வைல்டு கார்டு மூலம் வந்த உள்ளூர் வீரர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அந்த 0தான். ஆனாலும் இத்தகைய போட்டி ஒன்றில் ஒற்றையருக்கு வழக்கமான வைல்டு கார்டு 3. 21 ஆண்டுகளுக்கு 63. ஒரு போட்டி ஓர் ஊரில் நடப்பதன் முதல் வரவு இந்த 63 கதவுகள். போட்டி வேறு ஊருக்குப் போனால் கதவுகளும் உடன் போகும்.

இனிப் பணம். 1997இல் பரிசுத் தொகை 4 லட்சம் அமெரிக்க டாலரைச் சற்றே தாண்டியது. 2017இல் 4,47,480 டாலர். 20 ஆண்டுகளில் டாலர் கணக்கில் உயர்வு 10 சதவீத அளவே. அதே 20 ஆண்டுகளில் அமெரிக்காவில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ 50 சதவீதம் ஏறின. ஆக 1997இன் மதிப்பைக் காப்பாற்றவே 2017இல் 6 லட்சம் டாலர் தேவைப்பட்டிருக்கும். கொடுக்கப்பட்டது அதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ரூபாயில் படம் மாறித் தெரியும். டாலர் 36 ரூபாயாக இருந்த 1997இல் மொத்தப் பரிசு சுமார் ₹1.45 கோடி, 68 ரூபாயாக இருந்த 2017 ஜனவரியில் சுமார் ₹3.04 கோடி. 2.1 மடங்கு. அமைப்பாளருக்குச் சுமை இரட்டித்தது. வீரருக்கு வரவு தேய்ந்தது. இடையே உள்ள வேறுபாட்டை விழுங்கியது ரூபாயின் வீழ்ச்சி. இந்தியாவில் நடக்கும் எந்தச் சர்வதேசப் போட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க விம்பிள்டன். 1968இல், தொழில்முறை வீரர்கள் முதன்முறையாக அனுமதிக்கப்பட்ட ஆண்டில், அதன் மொத்தப் பரிசு 26,150 பவுண்டு. அதற்கு முன் பரிசே கிடையாது. 1960லும் 1961லும் அங்கே அரையிறுதி வரை சென்ற சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் ஆடியது அந்தக் காலத்தில். 1997இல் மொத்தம் சுமார் 68.8 லட்சம் பவுண்டு, 2017இல் 3.16 கோடி பவுண்டு. சென்னைப் பரிசு 1.1 மடங்கான அதே 20 ஆண்டுகளில் விம்பிள்டன் பரிசு 4.6 மடங்கானது. 2017 ஆஸ்திரேலிய ஓப்பனின் மொத்தம் 5 கோடி ஆஸ்திரேலிய டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் ₹245 கோடி. அது தொடங்க ஒரு வாரம் முன்னால் முடிந்த சென்னைப் போட்டியைப்போல் 80 மடங்கு. மெல்பர்னில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு 50,000 ஆஸ்திரேலிய டாலர். ₹24 லட்சத்துக்கு மேல். உலக டென்னிஸின் பணம் நான்கு போட்டிகளை நோக்கிக் குவிந்துகொண்டே போனது என்பதை வேறு சொற்களில் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குவிப்பு சென்னைக்கு ஒரு விதத்தில் உதவவும் செய்தது. முதல் மூன்று ஆண்டுகள் போட்டி ஏப்ரல் வெயிலில் நடந்தது. 2000 முதல் ஆண்டின் முதல் வாரத்துக்கு மாறியது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன்பான பயிற்சி வாரம் அது. வெப்பம் இருக்கும், ஆனால் ஏப்ரல் அளவுக்கு இருக்காது. தளம் அங்கேயும் கடினத் தளம், இங்கேயும் கடினத் தளம். 2014இல் வாவ்ரிங்கா சென்னையில் வென்ற அதே மாதத்தில் மெல்பர்னிலும் வென்றார். கடைசி ஆண்டுகளில் ஒற்றையர் பட்டியல் 28 பேர். தரவரிசையில் முதல் நால்வர் நேரே இரண்டாம் சுற்றில் தொடங்குவர். நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை. 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாவ்ரிங்கா சென்னையில் வரிசையாக வென்ற ஆட்டங்கள் 12.

2008இன் ஒரு சனிக்கிழமையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. அரையிறுதியில் ரஃபேல் நடால், மோயாவை 6-7, 7-6, 7-6 என்று வென்றார். மூன்று செட்டும் டைபிரேக். மொத்தம் 39 கேம். ஆட்டம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்தது. விதிப்படி முதல் 7 கேமுக்குப் பின்னும், பிறகு ஒவ்வொரு 9 கேமுக்குப் பின்னும் பந்துகளை மாற்றுவார்கள். ஒரு தடவைக்கு 6 பந்து. தொடக்கப் பந்துகளையும் சேர்த்து 39 கேமுக்கு 5 தடவை, 30 பந்து. மறுநாள் இறுதியில் ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி நடாலை 6-0, 6-1 என்று தோற்கடித்தார். மொத்தம் 13 கேம், 12 பந்து. நடால் எடுத்தது 13இல் 1. முதல் நாளின் 39க்கும் மறுநாளின் 1க்கும் உள்ள தொடர்பை நேரில் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். நுங்கம்பாக்கம் அரங்கில் 5,800 பேர் உட்காரலாம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது அது.

21 ஆண்டுகளில் போட்டியின் பெயர் நான்கு. கோல்டு ஃப்ளேக் ஓப்பன் 5 ஆண்டுகள், டாடா ஓப்பன் 3, வெறும் சென்னை ஓப்பன் 5, ஏர்செல் சென்னை ஓப்பன் 8. சிகரெட் நிறுவனமான ஐடிசி 2001இல் விளையாட்டு ஆதரவிலிருந்து விலகியது. தொலைபேசி நிறுவனமான ஏர்செல் 2018 தொடக்கத்தில் திவால் மனு கொடுத்தது. 21இல் 16 ஆண்டுகள், அதாவது 76 சதவீதம், போட்டியின் பெயர்ப்பலகை ஏதோ ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. மீதி 5 ஆண்டுகள் ஊரின் பெயரே தலைப்பு. 2018இல் போட்டி புனேவுக்குப் போனது. அங்கே 2018, 2019, 2020, 2022, 2023 என 5 முறை நடந்து நின்றது. 2024இலும் 2025இலும் இந்தியாவில் ஏடிபி 250 தரப் போட்டி இல்லை. புனேயின் 5 இரட்டையர் பட்டங்களில் 2 இந்தியரிடம் வந்தன. 2022இல் போபண்ணாவுடன் வென்றவர் சென்னையின் ராம்குமார் ராமநாதன். 2023இல் இறுதி வரை வந்து தோற்ற இணை ஜீவனும் கோவையின் ஸ்ரீராம் பாலாஜியும். சென்னையையும் புனேயையும் கூட்டினால் 26இல் 9, 34.6 சதவீதம்.

சென்னைக்கு ஏடிபி 250 திரும்பவில்லை. மகளிர் போட்டி வந்தது. 2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை டபிள்யூடிஏ 250. மொத்தப் பரிசு 2,51,750 டாலர். அன்றைய ரூபாயில் ஏறத்தாழ ₹2 கோடி. பட்டம் வென்ற செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு வயது 17. இறுதியில் போலந்தின் மக்தா லினெத்தை 4-6, 6-3, 6-4 என்று வென்றார். இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டிய எண் 56. அதே அரங்கம், அதே 250 என்ற தரப்பெயர். 2022இல் பெண்களுக்குக் கிடைத்த மொத்தப் பரிசு, 2017இல் ஆண்களுக்குக் கிடைத்ததில் 56 சதவீதம். ஐந்தாண்டு விலைவாசியைக் கழித்தால் 50க்கும் கீழே இறங்கும். விம்பிள்டனில் 1968இல் ஆண் வெற்றியாளருக்கு 2,000 பவுண்டு, பெண்ணுக்கு 750, 37.5 சதவீதம். அங்கே அது 100 ஆனது 2007இல். கீழ்த்தட்டுப் போட்டிகளில் அந்தச் சமன் இன்னும் வரவில்லை. 2025 அக்டோபர் 27 முதல் நவம்பர் 2 வரை மீண்டும் நடந்தபோது பரிசு 2,75,094 டாலர், மூன்றாண்டில் 9.3 சதவீத உயர்வு. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். அது வடகிழக்குப் பருவமழைக் காலம்; மோந்தா புயல் அக்டோபர் 28இல் ஆந்திரக் கரையைக் கடந்த வாரம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்யும் ஊரில் திறந்தவெளி டென்னிஸுக்கு இது நல்ல தேதி அல்ல. ஜனவரி வாரத்தை இழந்ததன் விலை இப்படியும் வருகிறது.

2022 போட்டிக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த ஆதரவு ₹5 கோடி. பரிசுத் தொகை அதில் 40 சதவீதம். அரங்கைச் சீர்படுத்துவது, நடுவர்கள், தங்கும் விடுதி, வாகனம், ஒளிபரப்பு, போட்டி நடத்தும் உரிமைக்கான கட்டணம் என்று பரிசுக்கு வெளியே போகும் பணம் எப்போதும் பரிசைவிடப் பெரிது. அரசு கொடுத்த பணம் என்பதால் அதை வேறு செலவுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற மாநிலத் திட்டத்தில் ஓர் அரங்குக்கான மதிப்பு ₹3 கோடி. சோளிங்கரும் ஒரு தொகுதி. ஒரு வாரப் போட்டியின் ₹5 கோடிக்கு ஒன்றே முக்கால் அரங்கம் கூட வராது, 1.67. ஆக, போட்டிக்குப் போன பணம்தான் சிறு ஊர்களின் மைதானத்தைப் பறித்தது என்று சொல்ல எண்கள் இடம் தரவில்லை. 234 தொகுதிக்கு ₹702 கோடி; அதில் ₹5 கோடி 0.7 சதவீதம்.

மைதானம் என்றதும் நிலம். டென்னிஸ் கோர்ட்டின் கோட்டுக்குள் அளவு 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். ஓடி எடுக்க நான்கு பக்கமும் இடம் விட்டால் 36.57 மீட்டருக்கு 18.29 மீட்டர், 669 சதுர மீட்டர். எங்கள் பக்கத்துக் கணக்கில் 16.5 சென்ட். ஓர் ஏக்கரில் ஆறு கோர்ட். கைப்பந்துக்கு ஓரம் விட்டு 24 மீட்டருக்கு 15 மீட்டர். 360 சதுர மீட்டர், 8.9 சென்ட். கைப்பந்தில் ஒரே நேரத்தில் 12 பேர். தலைக்கு 30 சதுர மீட்டர். டென்னிஸ் ஒற்றையரில் 2 பேர், தலைக்கு 334. பதினோரு மடங்கு. கபடிக் களம் கோட்டளவில் 13 மீட்டருக்கு 10 மீட்டர், 14 பேர், தலைக்கு 9.3 சதுர மீட்டர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் கைப்பந்து வலையும் கபடிக் கோடும் இருப்பதற்கும், டென்னிஸ் ஒரு மன்றத்துக்குள்ளோ பள்ளிக்குள்ளோ ஒடுங்கியிருப்பதற்கும் இந்த விகிதம் காரணங்களில் ஒன்று. மனை விலை ஏறும் ஊரில் 16.5 சென்ட்டை இரண்டு பேருக்கு ஒதுக்கச் சொல்வது எளிதல்ல. சொல்லத்தான் வேண்டும், ஆனால் விலை தெரிந்து சொல்ல வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் வட்டாரத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் இடையே ஒரு வணிகத் தொடர்பும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1960களின் நடுவில் தோலால் செய்த டென்னிஸ் ஷூ வந்தது. இன்று கோர்ட்டில் ஓடும் ஷூ அநேகமாகச் செயற்கை இழையும் ரப்பரும் பாலிமரும்தான். விளையாட்டு ஷூ தோலை விட்டுப் போனபோது, ஷூ அப்பர் தைப்பதில் கைதேர்ந்த வட்டாரம் அந்தச் சந்தைக்கு வெளியே நின்றது. தோல் அல்லாத காலணி ஆலைகள் செய்யாறிலும் பர்கூரிலும் வந்தன. 2024 டிசம்பர் 16 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹோங் ஃபூ குழுமத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்: முதலீடு ₹1,500 கோடி, வேலை 25,000. ஒரு வேலைக்கு ₹6 லட்சம். அதே பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு ₹9,000 கோடி, 5,000 வேலை. ஒரு வேலைக்கு ₹1.8 கோடி. ஷூ என்பது கை வேலை நிறைந்த தொழில் என்பதை 30 மடங்கு வேறுபாடு காட்டுகிறது. உலகின் விளையாட்டு வீரர்கள் அணியும் ஷூவைத் தைக்கும் மாவட்டமாக ராணிப்பேட்டை ஆகப்போகிறது. அணிந்து ஆடுபவர்களும் இங்கிருந்து வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

அப்படி ஆட வருபவரின் வரவு செலவு எப்படி இருக்கும் என்பதற்குச் சுமித் நாகல் வெளிப்படையாகச் சொன்ன எண்களே போதும். 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் வீரராக இருந்தபோது, வங்கியில் தன்னிடம் இருப்பது 900 யூரோ என்றார், சுமார் ₹80,000. ஓராண்டு சுற்றி ஆட ₹80 லட்சம் முதல் ₹1 கோடி வரை செலவு. அதுவும் ஒரே ஒரு பயிற்சியாளருடன். அந்த ஆண்டில் அதுவரை 24 போட்டிகளில் பரிசாக வந்தது ஏறத்தாழ ₹65 லட்சம். நாட்டின் முதல் வீரருக்கே கணக்கு நேராகவில்லை.

2024 ஜனவரியில் 137ஆம் இடத்திலிருந்து தகுதிச் சுற்று ஆடி அவர் ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் சென்றார். தகுதிச் சுற்றில் மூன்று வெற்றி, பிரதான சுற்றில் ஒன்று. வரவு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர், சுமார் ₹98 லட்சம். புள்ளி 80. அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் என்ற பெயரில் நடந்த, ஏடிபி 250க்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டியில் பட்டம் வென்றார். வரவு சுமார் 18,000 டாலர், ₹15 லட்சம். புள்ளி 100. பணத்தில் மெல்பர்ன் சென்னையைப்போல் ஆறரை மடங்கு. புள்ளியில் சென்னை மெல்பர்னைவிட 25 சதவீதம் கூடுதல். மெல்பர்னுக்குப் பின் அவர் இடம் 121. சென்னைக்குப் பின் 98.

98 என்பதை விளக்க வேண்டும். கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் 128 பேர். 16 இடம் தகுதிச் சுற்றுக்கு, 8 இடம் வைல்டு கார்டுக்கு. எஞ்சிய 104 இடம் தரவரிசைக்கு. 121 என்றால் கோட்டுக்கு வெளியே, 98 என்றால் உள்ளே. 2024இல் நாகல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றிலும் நேரடியாக ஆடினார். மூன்றிலும் முதல் சுற்றில் தோற்றார். முதல் சுற்றுத் தோல்விக்கு அந்த ஆண்டின் தொகை முறையே 73,000 யூரோ, 60,000 பவுண்டு, 1,00,000 டாலர். ரூபாயில் சுமார் 66 லட்சம், 64 லட்சம், 84 லட்சம்; கூட்டினால் ₹2.14 கோடி. முந்தைய ஆண்டு 24 போட்டிகளின் வரவைப்போல் 3.3 மடங்கு, மூன்று தோல்விகளில். இதற்கெல்லாம் சென்னையின் 100 புள்ளி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஏப்ரலிலும் ஜூனிலும் ஐரோப்பாவில் அவர் வென்ற ஆட்டங்களும் உண்டு. ஆனால் கோட்டைத் தாண்டிய வாரம் சென்னையில் நடந்தது. அந்தச் சேலஞ்சரின் மொத்தப் பரிசு, அத்தனை வீரருக்கும் சேர்த்து, 1,33,250 டாலர், ₹1.1 கோடி.

பெண்கள் பக்கத்திலும் இதே கணக்கைப் பார்க்கலாம். 2022 சென்னைப் போட்டியில் கர்மான் கவுர் தண்டி வைல்டு கார்டில் வந்து முதல் சுற்றில், போட்டித் தரவரிசையில் எட்டாம் இடத்திலிருந்த குளோயி பாக்கேயை வென்றார். முதல் சுற்றில் தோற்றிருந்தால் 1 புள்ளி, வென்றதால் 30. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் கோவையின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி, 15 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை சென்றார். இவை நடந்த ஊர்கள் வெளிநாட்டில் இருந்திருந்தால் அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருக்காது.

இன்னும் கீழே ஒரு படி இருக்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு (ஐடிஎஃப்) நடத்தும் எம்15 போட்டி. மொத்தப் பரிசு 15,000 டாலர். பட்டம் வென்றால் 2,160 டாலர், 15 புள்ளி. முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். ரூபாயில் 13,000க்கு மேல். வெளிநாட்டில் ஆடி 156 டாலர் வாங்கினால் விமானக் கட்டணத்தில் ஒரு பகுதிக்குக்கூடக் காணாது. அதே 156 டாலரை 100 கிலோமீட்டருக்குள் வாங்கினால் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் போக மிச்சம் இருக்கும். வீட்டருகே ஆடும்போது தோல்வியும் மலிவு. பதினெட்டு வயது வீரருக்கு அதிகம் தேவைப்படுவது அந்த மலிவான தோல்விகளே. பத்து முறை தோற்க முடிந்தவர்தான் பதினோராவது முறை வெல்ல முடியும்.

2022இன் ₹5 கோடியை இந்தப் படியில் வைத்துப் பார்க்கலாம். டாலர் ₹80 என்று கொண்டால் ஓர் எம்15 போட்டியின் பரிசு ₹12 லட்சம். நடத்தும் செலவுக்கு இன்னொரு ₹12 லட்சம் என்று வைத்தால் போட்டிக்கு ₹24 லட்சம். ₹5 கோடியில் 20 வாரம். வாரத்துக்கு 32 பேர் என்றால் 640 பிரதான சுற்று இடங்கள். டபிள்யூடிஏ 250 போட்டி ஒன்று தருவது ஒற்றையரில் 32 இடம். அவற்றில் உள்ளூருக்குக் கிடைப்பது மூன்று நான்கு. நடத்தும் செலவு பற்றிய என் அனுமானம் 50 சதவீதம் தவறி, போட்டிக்கு ₹30 லட்சம் ஆனாலும் 16 வாரம், 512 இடம்.

பெரிய போட்டி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 5,800 பேர் அரங்கில் ஒரு நடாலையோ வாவ்ரிங்காவையோ பார்க்காமல் எந்தக் குழந்தையும் மட்டையைத் தூக்குவதில்லை. ஆனால் பெரிய போட்டி ஒரு வாரம். மீதி 51 வாரம் இருக்கிறது. அடுத்த முறை மாநில அரசு ₹5 கோடியோ அதற்கு மேலோ ஒதுக்கும்போது, அதனுடன் ₹1.2 கோடி சேர்த்தால் ஆண்டுக்கு 5 எம்15 அல்லது அதற்கு இணையான மகளிர் போட்டிகள், வேலூரில் ஒன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று நடத்தலாம். 160 இடங்கள். வேலூரில் நடந்தால் சோளிங்கரிலிருந்து தூரம் 60 கிலோமீட்டருக்குள்.